காஷ்டமண்டபமும் வாக்மதித் துறையும்

(குடமுழுக்குப் பெருவிழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

சிவமயம்



திருக்கோயிலொன்று குடமுழுக்குக் காணும் நன்னாளிலே, இமயத்தின் அடிவாரத்திலுள்ள ஒரு பழைய நகரத்தின் சதுக்கத்தையும் அதன் ஆற்றங்கரையையும் பற்றிப் பேசுவது எற்றுக்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்நகரம் நேபாள நாட்டின் தலைநகராகிய காத்மாண்டு. அந்நகரின் சதுக்கத்திலே நெடுங்காலம் நின்ற ஒரு மண்டபம் 2015ஆம் ஆண்டில் ஒரு கணத்திலே வீழ்ந்தது. 2022ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. அது வீழ்ந்த காரணமும் எழுந்த வகையும் திருப்பணியிலே ஈடுபட்டோர் ஒவ்வொருவரும் அறிந்து மனத்திற் கொள்ளத் தக்கன. ஆதலின், அச்சதுக்கத்தைச் சுற்றிவந்து, ஆற்றுத்துறையிலே சென்று சேர்வதே இச்சொற்பொழிவு செல்லும் வழியாகும்.

திருமூலர் பணிந்த நாடு

நேபாளம் சைவவுலகுக்குப் புதியதொரு பெயரன்று. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே திருமூல நாயனார் வரலாற்றைத் தொடங்குமிடத்து, திருநந்திதேவரின் அருள்பெற்ற அச்சிவயோகியார் அகத்திய முனிவரைக் காணும் விருப்பினராய்த் திருக்கயிலையினின்றும் தென்திசை நோக்கிப் புறப்பட்டார் என்றும், முதற்கண் திருக்கேதாரத்தை வழிபட்டு, அடுத்துப் பசுபதி நேபாளத்தைப் பணிந்து, அதன் பின்னரே காசியை அடைந்தார் என்றும் உரைத்தருளுகின்றார். அதன்மேல் திருப்பருப்பதம், திருக்காளத்தி, திருவாலங்காடு, காஞ்சி, திருவதிகை, தில்லை முதலாய தலங்களை வணங்கித் திருவாவடுதுறைக்கு எழுந்தருளினார். அவ்விடத்தே காவிரிக்கரையில், மேய்ப்பனை இழந்து கதறிநின்ற பசுக்களின் துயர் கண்டு, இறந்துகிடந்த மூலன் என்னும் ஆயனது உடலிற் புகுந்தார் என்பது யாவரும் அறிந்த வரலாறு.

பசுக்களுக்கெல்லாம் பதியாகிய பெருமானை நேபாளத்திலே பணிந்து வந்தவர், காவிரிக்கரையிலே பசுக்களின் கண்ணீரைக் காணப் பொறாராயினார். இவ்விரு செய்திகளும் ஓரடியார் வரலாற்றிலேயே அமைந்திருத்தல் எண்ணுந்தோறும் இன்பம் தருவதாகும். 12ஆம் நூற்றாண்டிலே சோழநாட்டில் இருந்து பாடிய சேக்கிழார் திருவாக்கில் அத்தலத்தின் பெயர் இத்துணை இயல்பாக இடம்பெற்றதனால், பனிமலைச் சாரலிலுள்ள பசுபதியும் காவிரிக்கரை அடியாரும் ஒரே சைவக் குடும்பத்தினர் என்பது தெளிவாம்.

சதுக்கத்தின் காட்சி

காத்மாண்டு நாற்புறமும் மலைசூழ்ந்த பள்ளத்தாக்கிலே அமைந்தது. பண்டு அப்பள்ளத்தாக்கு ஒரு பேரேரியாக இருந்தது என்றும், மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவர் தம் வாளினால் தென்புறத்து மலையைப் பிளந்து நீரை வடித்தார் என்றும் அந்நாட்டுப் புராணம் கூறும். ஏரி இருந்தது கதையன்று. நிலநூல் வல்லாரும் அப்பள்ளத்தாக்கின் மண் ஏரிப்படிவே என்பர். அவ்விடத்தை ஆண்ட லிச்சவி மன்னர் தம்மைப் பசுபதியின் திருவடியருள் பெற்றவர் எனக் கல்வெட்டுக்களிற் குறித்துக்கொண்டனர். அவர்க்குப்பின் நெடுங்காலம் கழித்து வந்தவர் மல்ல மன்னர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் யட்சமல்லன் மறைந்தபின், அரசு காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என மூன்றாகப் பிரிந்தது. மூன்று நகரத்து மன்னரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டுத் தத்தம் அரண்மனை வாயிலிலே கோயில்களை எழுப்பினர். அரசியற் பகை நாட்டுக்குத் தீங்காயிற்று. கலைக்கோ அஃது ஆக்கமாயிற்று. 1979ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அப்பள்ளத்தாக்கினை உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

காத்மாண்டு அரண்மனைச் சதுக்கத்துக்கு அனுமன் வாயில் என்பது பெயர். வாயிலருகே பிரதாபமல்லன் 1672இல் நிறுவிய அனுமனின் உருவம் செந்தூரம் அப்பி அப்பி முகமே தெரியாவண்ணம் செக்கச் செவேலென்று, குடை நிழலிலே வீற்றிருக்கின்றது. அதனை வணங்கிச் சுவரோரமாக நடக்கும் யாத்திரிகர், நீண்டதொரு கல்வெட்டினைக் காண்பர். காளிகா தேவியைப் போற்றி 1654ஆம் ஆண்டில் அம்மன்னனே பொறிப்பித்த அக்கல்லில் பதினைந்து மொழிகளின் எழுத்துக்கள் கலந்து கிடக்கின்றன. பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்களும் அவற்றுள் உண்டு. இதனை முழுதும் படிக்க வல்லார் வந்தால் அங்குள்ள கல்தூம்பிலிருந்து பால் பெருகும் என்பது ஊரார் வழங்கும் கதை. இன்றுவரை பால் பெருகவில்லை. பல மொழி கற்ற செருக்கினை அடக்குதற்கு இதனினும் இனியதொரு கதை வேண்டுமோ?

வடபாலில், படிமேற் படியாய் உயர்ந்த மேடையின் மீது தலேஜு அம்மையின் திருக்கோயில் வானளாவி நிற்கின்றது. 1564ஆம் ஆண்டில் மகேந்திரமல்லன் எடுப்பித்தது அது. மல்லர் குலதெய்வமாகிய அவ்வம்மையைப் பொதுமக்கள் உள்ளே சென்று தொழுதற்கு ஆண்டில் ஒரு நாளே, மகாநவமி நாளிலே, வாயில் திறக்கப்படும். அதற்கு அணித்தே, ஏறத்தாழ 12 அடி உயரத்தில், கரிய திருமேனியும் விழித்த கண்களுமாகக் காலபைரவர் எழுந்தருளியுள்ளார். முற்காலத்திலே வழக்காடுவோரும் அரசாங்க அலுவலரும் அவர் திருமுன்னர் நின்றே சத்தியம் செய்தனர். பொய் சொன்னவன் அவ்விடத்தே குருதி கக்கி மாள்வான் என்பது நம்பிக்கை. சட்டப் புத்தகம் செய்யவேண்டிய காவலைச் சிவபெருமானின் உக்கிர மூர்த்தம் செய்தது.

இவ்வச்சத்தைக் கண்டு நடுங்கிய உள்ளத்துக்கு ஆறுதலாக, சில அடி தொலைவிலேயே வேறொரு காட்சி உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஒரு கோயிலின் மேல்மாடச் சாளரத்திலே, மரத்தினாற் செய்து வண்ணம் தீட்டிய சிவபெருமானும் பார்வதியம்மையும் தோளோடு தோள் நெருங்கி, தெருவை எட்டிப் பார்த்தவண்ணம் இருக்கின்றனர். மாலைப்பொழுதிலே வீட்டுச் சாளரத்தில் நின்று திருவிழாக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கும் இல்லறத்தாரைப் போலவே அத்தோற்றம் அமைந்துள்ளது. காய்கறி விற்பவரும், பள்ளிச் சிறுவரும், சுமை தூக்குவோரும் அம்மையப்பர் கண்ணெதிரிலேயே நாடோறும் நடமாடுகின்றனர். அடியவர் வாழ்வைக் காணப் பெருமான் தாமே சாளரத்துக்கு வந்தனர் என்று கருதி அமைத்த அச்சிற்பியின் அன்பு வாழ்வதாக.

சதுக்கத்தின் தென்பால், 1757இல் ஜயப்பிரகாசமல்லன் எடுத்த குமாரியின் இல்லம் உள்ளது. பௌத்த நேவார்க் குடியிற் பிறந்த ஒரு சிறுமியைத் தலேஜு அம்மையின் வடிவாகக் கொண்டு அங்கே போற்றுகின்றனர். பௌத்தக் குடும்பத்துக் குழந்தையைச் சைவரும் சாக்தரும் தெய்வமாக வணங்குதல் அந்நகரத்தாரின் சமயப் பொறுமைக்குச் சான்றாகும்.

ஒரு மரத்தின் மண்டபம்

குமாரி இல்லத்தினின்றும் மேற்கே சிறிது நடந்தால் மரூ என்னும் முச்சந்தியிலே காஷ்டமண்டபம் காட்சி தரும். காஷ்டம் என்பது மரம். தமிழிலும் 'காட்டம்' எனும் சொல் விறகைக் குறிக்கும். நகரத்தின் பெயராகிய காத்மாண்டு என்பதே காஷ்டமண்டபம் என்னும் இதன் பெயரின் திரிபு. ஒரே மரத்தின் பலகைகளால் இஃது ஆக்கப்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. மூன்று நிலைகளும், நடுவே நான்கு பெருந்தூண்களும் உடைய இம்மண்டபத்திலே, மூலைக்கொருவராக விநாயகர் நால்வர் காவலிருக்க, நடுவில் கோரக்கநாதர் எழுந்தருளியுள்ளார். தமிழகத்துச் சித்தர் பதினெண்மருள் ஒருவராகிய கோரக்கர் என்று போற்றப்படுபவரும், வடபுலத்து நாத யோகியரின் குருவாகிய கோரக்கநாதரும் ஒருவரே என்பது சித்தர் மரபினரின் துணிபு. நாகைக்கு அருகே வடக்குப் பொய்கைநல்லூரில் கோரக்கர் சமாதியை வழிபடும் அன்பருக்கு இம்மண்டபம் அயலானதன்று.

இதனைப் பற்றி ஓர் அரிய கதை உண்டு. மச்சேந்திரநாதரின் தேர்த்திருவிழாவைக் காணும் ஆசையினாலே, தேவருலகத்துக் கற்பகத்தரு மானிட வடிவங்கொண்டு கூட்டத்தில் ஒருவனாய் வந்ததாம். மந்திரம் வல்லான் ஒருவன் அதனை இன்னதென்று அறிந்து, கட்டி நிறுத்தி, மண்டபம் சமைத்தற்கு ஒரு மரம் தருமாறு வேண்டிப் பெற்றான். அம்மரத்தினாலேயே மண்டபம் முடிந்தது. ஆனால் அதற்குக் குடமுழுக்கு மட்டும் நிகழவில்லை; எண்ணெயும் உப்பும் ஒரே விலைக்கு விற்கும் நாளிலேதான் நிகழ்தல் வேண்டும் என்று விதித்துவிட்டனர். அந்நாள் வரவும் இல்லை, வரப்போவதும் இல்லை.

குடமுழுக்கே காணாத மண்டபம் என்னும் இக்கதையை விளையாட்டாகக் கொள்ளலாகாது. குடமுழுக்கு முடிந்தது, நம் கடமை தீர்ந்தது என்று கையைத் தட்டிவிட்டுச் செல்ல இடங்கொடாத மண்டபம் அது. என்றும் முடியாத திருப்பணி. என்றும் விழித்திருக்க வேண்டிய ஊரார். கதையை அமைத்தோர் கருத்து அதுவாகவே இருத்தல் கூடும்.

இல்லாத ஒரு கல்

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், நண்பகலுக்குச் சிறிது முன்னர், நேபாளத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அளவுகோலிலே 7.8 எனப் பதிவாகிய அந்நடுக்கத்திலே ஏறத்தாழ 9,000 மக்கள் மாண்டனர். 1934ஆம் ஆண்டு ஜனவரியில் நேர்ந்த பேரழிவுக்குப் பின் அந்நாடு கண்ட கொடுந்துயர் அதுவே. சதுக்கத்திலே ஒன்பது படிமேடையின் மீது நின்ற சிவாலயமாகிய மஜுதேகம் வீழ்ந்தது. மூவுலகமோகன நாராயணர் கோயில் வீழ்ந்தது. அரண்மனையின் ஒன்பது நிலைக் கோபுரம் தன் மேல்நிலைகளை இழந்தது. காஷ்டமண்டபமோ அடியோடு சரிந்தது. அன்று அம்மண்டபத்திலே குருதிக்கொடை நடந்துகொண்டிருந்தது. பிறர் உயிர் காக்க வந்தோருள் சிலர் அங்கேயே தம் உயிர் நீத்தனர். அவர்களை நினைந்து ஒரு கணம் அமைதியாக இருத்தல் தகும்.

பின்னர், நேபாளத் தொல்பொருள் துறையாரும் இங்கிலாந்திலுள்ள டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி அடித்தளத்தை அகழ்ந்து ஆராய்ந்தனர். அங்கே இரண்டு வியப்புக்கள் காத்திருந்தன.

முதலாவது வியப்பு அடித்தளத்தின் பழைமை. 12ஆம் நூற்றாண்டினது என நெடுநாள் கருதப்பட்ட மண்டபத்தின் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டளவிலேயே இடப்பட்டது எனத் தெரிந்தது. அஃதாவது, இங்கே அப்பரும் சம்பந்தரும் தலந்தோறும் நடந்து பாடிய அந்நூற்றாண்டிலே, அங்கே அச்சுவர்கள் எழுந்தன. ஒன்பது அறைகள் கொண்ட மண்டல வடிவிலே குறுக்குச் சுவர்கள் அமைந்திருந்தன; பொற்றகட்டில் வகுத்த மண்டலங்களும் கிடைத்தன. மூலமூர்த்தியின் பீடத்தின் கீழ் எந்திரத் தகடும் நவமணிகளும் வைத்து மருந்து சாத்தும் தமிழகத்து வழக்கினை அறிந்தோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இத்துணை நடுக்கத்திலும் அவ்வடித்தளம் பழுதின்றி இருந்தது என்பதே ஆராய்ந்தோர் கண்ட முடிபு.

அங்ஙனமாயின் மண்டபம் வீழ்ந்தது ஏன்? இரண்டாவது வியப்பு இதற்கு விடை கூறிற்று. நடுவிலுள்ள நான்கு பெருந்தூண்களும் நான்கு ஆதாரக் கற்களின் மீது நிற்றல் வேண்டும். தூணின் அடிமுளை கல்லின் குழியிலே பொருந்தி இறுகும். நிலம் அசையினும் தூண் இடம் பெயராது. தோண்டிப் பார்த்தபோது மூன்று மூலைகளில் ஆதாரக் கற்கள் இருந்தன. வடகீழ் மூலையில் கல் இல்லை. முன்னொரு பழுதுபார்ப்பின்போது அஃது அகன்றிருக்கலாம். மீண்டும் அதன் இடத்திலே வைத்திலர். மேலே தரை பரப்பி மூடிவிட்டமையால் எவரும் அறிந்திலர். நான்கு தூண்களுள் ஒன்று பற்றுக்கோடின்றி நின்றது. வீழ்ச்சிக்கு முதன்மையான காரணங்களுள் அதுவும் ஒன்று என அறிஞர் கருதினர்.

அன்பர்களே, இதனைச் சிறிது ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். மண்டபத்தை வீழ்த்தியது பழைமையன்று. பழையோர் செய்த பகுதி உறுதியாகவே இருந்தது. பகைவர் படையும் அன்று. நல்லெண்ணத்தோடு செய்த ஒரு திருப்பணியிலே நேர்ந்த கவனக்குறைவே குறையாய் நின்றது. மேலே பார்த்தோர்க்கு மண்டபம் அழகாகவே தோன்றியிருக்கும். வண்ணம் புதிதாக இருந்திருக்கும். காண வந்தோர் பாராட்டியும் இருப்பர். கண்ணுக்குத் தெரியாத இடத்திலே ஒரு கல் மட்டும் இல்லை. அக்குறையைக் காலம் பொறுத்திருந்தது; நிலம் நடுங்கிய கணத்திலே கணக்குத் தீர்த்துக்கொண்டது.

மீண்டும் எழுந்த வகை

வீழ்ந்ததை எழுப்புதலிலும் எளிதிலே உடன்பாடு ஏற்படவில்லை. ஒப்பந்தக்காரரிடம் விட்டு, இக்காலப் பொருள்களையும் சேர்த்து விரைவாகக் கட்டி முடிக்கலாம் என ஒரு கருத்து எழுந்தது. ஊரார் அதனை ஏற்றிலர். முன்னோர் கட்டிய வகையிலேயே, மரமும் செங்கல்லும் களிமண் சாந்தும் கொண்டு கட்டுதல் வேண்டும். மரத்தைச் செதுக்கும் தச்சரும் கொத்தரும் மரபறிந்தவராக இருத்தல் வேண்டும் என வற்புறுத்தினர். இறுதியிலே மாநகராட்சியின் பொருளும் மக்களின் கொடையும் உழைப்பும் ஒன்றுகூட, குழு ஒன்று பொறுப்பேற்றுப் பணியை நடத்தியது. பல குலத்தாரும் பல தெருவினரும் முறைவைத்து வந்து மண் சுமந்தனர். செங்கல் எடுத்துக் கொடுத்தனர். 2022ஆம் ஆண்டில் மண்டபம் முன்போல் எழுந்து நின்றது. கோரக்கநாதர் தம் இடத்தில் அமர்ந்தார். நான்கு விநாயகரும் மூலைதோறும் காவல் ஏற்றனர். இம்முறை நான்கு தூண்களும் கல்லின்மீதே நிற்கின்றன.

களிமண் சாந்து என்றவுடன் அஃது ஏழைமை எனச் சிலர் நினைப்பர். அதன் இயல்பு வேறு. சிமெண்டுப் பூச்சு மரத்தையும் பழைய செங்கல்லையும் மூச்சுவிடாமல் அடைத்து ஈரத்தை உள்ளே நிறுத்தும்; மரம் உளுக்கும். களிமண்ணோ ஈரத்தை வெளிவிடும். நிலம் அசைந்தால் தானும் சிறிது அசைந்து கொடுக்கும். பழுதுற்ற பகுதியைப் பிரித்து மீண்டும் அடுக்கவும் இடந்தரும். தமிழகத்திலும் சுண்ணாம்புக் காரையின் மேல் சிமெண்டு பூசியும், கருங்கற் சிற்பத்தின் மேல் வண்ணக் குழம்பு பூசியும், தரையிலே வழவழப்பான ஓடு பரப்பியும் கோயில்களின் பழைய உறுதியையும் எழிலையும் கெடுத்த இடங்கள் உண்டு. கல்வெட்டின்மேல் ஓடு ஒட்டியதும், அதன் எழுத்தைப் படிக்க இயலாமற் போனதும் அன்பர்கள் அறியாததன்று.

கோஷ்டி என்னும் அறநிலை

அப்பள்ளத்தாக்கின் கோயில்கள் இத்துணை நூற்றாண்டு நிலைத்ததற்கு மன்னர் மட்டும் காரணர் அல்லர். 'கோஷ்டி' என்னும் வடசொல்லினின்றும் திரிந்து அந்நாட்டார் நாவிலே 'குட்டி' போன்று ஒலிக்கும் அறநிலை ஒன்று லிச்சவி மன்னர் காலந்தொட்டு அங்கே உண்டு. ஒருவர் கோயிலுக்கு நிலம் விடுவார். அந்நிலத்தின் விளைவைக் கொண்டு ஒரு குழுவினர் வழிவழியாக ஒரு கடமையை நிறைவேற்றுவர். ஒரு கோஷ்டிக்கு விளக்கெண்ணெய், ஒரு கோஷ்டிக்குக் கூரையிலே முளைத்த புல்லைக் களைதல், ஒரு கோஷ்டிக்குத் தேர்வடம், ஒரு கோஷ்டிக்குப் பிணஞ்சுடும் கடமை எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. தமிழகத்துத் திருக்கோயில்களின் கட்டளைகளை இஃது அப்படியே ஒத்திருத்தல் காண்க. நுந்தாவிளக்குக்குச் சாவா மூவாப் பேராடு விட்ட நம் முன்னோரும் இதே அறத்தையே அறிந்தவர்.

1964ஆம் ஆண்டில் அரசு தனியொரு நிறுவனம் அமைத்து அந்நிலங்கள் பலவற்றை அதன் ஆட்சியிற் கொண்டது. நிலவருவாய் குன்றிய இடங்களிலே குழுக்கள் தளர்ந்தன, பராமரிப்பும் தளர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கோஷ்டிகளைப் பற்றிப் புதிய மசோதா ஒன்று வந்தபோது, காத்மாண்டு வீதிகளிலே மக்கள் பல்லாயிரவர் திரண்டு எதிர்த்தனர். அரசும் அதனைத் திரும்பப் பெற்றது. கூரையிற் புல் பிடுங்கும் உரிமைக்காக ஒரு நகரமே தெருவில் வந்து நின்றது என்றால் அது சிறிய செய்தியன்று. கோயிலைக் காக்கும் கடமையைப் பெறற்கரிய உரிமையாக அம்மக்கள் கருதினர்.

வாக்மதித் துறை

சதுக்கத்தினின்றும் தெற்கு நோக்கிப் பழைய தெருக்களின் வழியே இறங்கினால், தேக்கு என்னுமிடத்தில் விஷ்ணுமதியாறு வாக்மதியோடு கலக்கும் கூடுதுறை வரும். நகரம் பிறந்ததே இக்கூடலருகில் என்பர். வாக்மதி நகரின் வடக்கே சிவபுரி மலையிலே தோன்றுவது. அந்நாட்டார் நாவில் 'பாக்மதி' என வழங்கும். கூடுதுறையினின்றும் கரையோரமாக ஆற்றின் போக்குக்கு எதிரே சென்றால், பல துறைகளையும் சிறு சிவாலயங்களையும் கடந்து பசுபதிநாதர் திருக்கோயிலை அடையலாம். சதுக்கத்தினின்றும் அஃது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கிழக்கேயுள்ளது.

பொன்முலாம் பூசிய இரண்டடுக்குக் கூரை, வெள்ளிக் கதவுகள், மேலைவாயிலில் பெரிய திருநந்தி, உள்ளே நான்கு முகங்கள் கொண்ட சிவலிங்கத் திருமேனி. கிழக்கே தத்புருடம், தெற்கே அகோரம், மேற்கே சத்தியோசாதம், வடக்கே வாமதேவம். மேலே உருவின்றி விளங்குவது ஈசானம். சிவாகமங் கற்றோர்க்கு இது கண்முன் நிற்கும் ஆகமமே. பசுவொன்று மேட்டின் மேல் தானே பால் சொரிய, அவ்விடத்தைத் தோண்டியபோது பெருமான் வெளிப்பட்டார் என்பது தலவரலாறு. இவ்வகைத் தலவரலாறு தமிழகத்திலே பல ஊர்களுக்கு உரியது. இங்கே திருமேனி தீண்டிப் பூசை செய்யும் பட்டர்கள் தென்னாட்டினின்றும், குறிப்பாகக் கன்னட நாட்டினின்றும், வருதல் மரபு. தென்னகத்துக்கும் அத்தலத்துக்கும் உள்ள தொடர்பு திருமூலரோடு நின்றுவிடவில்லை.

இங்கும் ஒரு வீழ்ச்சியும் எழுச்சியும் உண்டு. 1349ஆம் ஆண்டில் வங்காளத்துச் சுல்தான் ஷம்சுத்தீன் இலியாசின் படையெடுப்பினால் பழைய இலிங்கம் சிதைவுற்றது. 1360இல் புதிய திருமேனி நிறுவப்பெற்றது. அன்றுமுதல் இன்றளவும் அத்திருமேனியே பூசை கொள்கின்றது. 2015ஆம் ஆண்டு நடுக்கத்திலும் மூலக்கோயில் பெருஞ்சேதமின்றி நின்றது. மல்லர் ஆண்டனர், மறைந்தனர், அவரை வென்று 1768இல் காத்மாண்டைக் கொண்ட ஷா மரபினரும் 2008ஆம் ஆண்டோடு முடிதுறந்தனர், நாடு குடியரசாயிற்று. சதுக்கத்து அரண்மனை இன்று காட்சிச்சாலை. ஆற்றங்கரைக் கோயிலோ இன்றும் கோயில்.

கோயிலின் கீழே ஆரியகட்டம் என்னும் துறை. உயிர் பிரியும் தறுவாயிலுள்ளோரைச் சாய்ந்த கற்பலகையில் கிடத்தி, அவர்தம் கால்கள் ஆற்றுநீரிலே படுமாறு செய்வர். பக்கத்திலேயே சிதைகள் எரியும். எதிர்க்கரைப் படிகளில் அமர்ந்த யாத்திரிகர் கண்ணெதிரே பிறப்பும் இறப்பும் வழிபாடும் ஒரு காட்சியாக அமைகின்றன. அரசனாயினும் சுமைகாரனாயினும் சாம்பல் ஒன்றே. கார்த்திகை கழிந்துவரும் பாலசதுர்த்தசி இரவு முழுதும் மக்கள் விளக்கேற்றி விழித்திருந்து, விடியலில் இறந்தோரை எண்ணிப் பலவகைத் தானிய வித்துக்களைத் தூவிச் செல்கின்றனர். இறந்தோர்க்கு அழுகையோடு நில்லாது விதை தூவும் அவ்வழக்கம் மிக ஆழமானது.

ஆயினும் அத்துறையிலே துன்பம் தரும் காட்சியும் உண்டு. நகரம் பெருக, வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் புனிதநதியிலே வந்து கலந்தன. நீர் கறுத்தது, நாற்றம் எழுந்தது. நீராடித் தொழவேண்டிய ஆற்றிலே கால்வைக்க அஞ்சும் நிலை வந்தது. 2013ஆம் ஆண்டு மே மாதத்திலே ஆற்றைத் துப்புரவாக்கும் பேரியக்கம் ஒன்று தொடங்கியது. சனிக்கிழமைதோறும் அதிகாரிகளும் மாணவரும் படைவீரரும் வணிகரும் கரையிலே கூடிக் குப்பையை வாரினர். ஒரு நாள் கூத்தாக அது முடியவில்லை. வாரந்தோறும் நடந்து 500 வாரங்களைக் கடந்தது. ஆறு முற்றும் தெளிந்துவிட்டது என்று கூறுதற்கில்லை. கழிவுநீர் வருவது நிற்குமளவும் தெளியாது. ஆயினும் ஆண்டுக்கணக்கிலே சனிக்கிழமைதோறும் குனிந்து குப்பை எடுத்த அக்கைகளும் பசுபதியை அருச்சித்த கைகளே.

குடமுழுக்கின் மறுநாள்

திருநாவுக்கரசர் கையிலே ஏந்திய படை உழவாரம். புதிய கோயில் எடுத்தற்கு அன்று. உள்ள கோயிலில் முளைத்த புல்லைச் செதுக்குதற்கு. மூத்த வயதிலும் அவர் அதனைக் கீழே வைத்திலர். சரியைத் தொண்டின் இலக்கணம் அதுவே. குடமுழுக்கு ஒரு நாளிலே நிறைவெய்தும். உழவாரத்துக்கு நிறைவுநாள் இல்லை.

ஆதலின் இத்திருப்பணிக்குப் பொருளுதவிய செல்வர்களும், உடலுழைப்புத் தந்த அன்பர்களும் காஷ்டமண்டபத்தின் அந்த ஒரு கல்லை மறவாதிருத்தல் வேண்டும். பெயர் பொறித்த பலகை கண்ணுக்குத் தெரியும் இடத்திலே இருக்கும். ஆதாரக் கல் கண்ணுக்குத் தெரியாத இடத்திலே இருக்கும். முன்னதற்குக் கொடுப்போர் பலர். பின்னதற்குக் கொடுப்போர் சிலர். கோபுரத்து இடுக்கிலே வேர்விடும் அரசஞ்செடியைக் களைவதற்கும், மழைநீர் வடியும் தூம்பினை அடைப்பெடுப்பதற்கும், திருக்குளத்துக்கு நீர்வரும் காலைத் தூர்வாருவதற்கும், மடைப்பள்ளிக் கூரையை மாற்றுவதற்கும், ஓதுவார்க்கும் நந்தவனம் காப்போர்க்கும் மாதந்தவறாது ஊதியம் அளிப்பதற்கும் ஒரு கட்டளை வைப்போரே வடகீழ் மூலையில் கல் வைப்போர் ஆவர். திருப்பணியிலே எந்தக் கல் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது என்பதை ஏட்டிலே எழுதிவைத்தலும், நிழற்படம் எடுத்துக் காத்தலும் அறமேயாகும். அடுத்த திருப்பணியை நடத்தவிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உதவி அது.

குடமுழுக்கின் மறுநாள் காலையிலே பந்தல் பிரியும். விருந்தினர் ஊர் திரும்புவர். யாகசாலைச் சாம்பல் ஆறும். அந்தக் காலைப்பொழுதிலே துடைப்பமும் எண்ணெய்க் கலயமும் எடுத்துக்கொண்டு திருக்கோயிலுக்குள் நுழையும் அன்பர் எவரோ, அவரிடமே இத்திருக்கோயில் ஒப்படைக்கப்படுகின்றது. அத்தகைய அன்பர் இவ்வூரிலே தலைமுறைதோறும் பெருகுக எனத் திருமூலர் பணிந்த பசுபதியின் திருவடிகளை வழுத்தி இச்சொற்பொழிவு நிறைவுறுகின்றது.

திருச்சிற்றம்பலம்